அம்சவல்லியின் கண்களுக்காக ஒரு ஜெபம்

வடக்குப்பட்டில் அந்தப் பத்து அறை வாடகைக் கட்டடத்தில் யாருக்குள் மனஸ்தாபம் வந்தாலும் சமாதானம் பேச செல்லக்கனியைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்துவிடுவாள். சாத்தான்குளம் பக்கத்து ஊர்க்காரி. வயது முப்பத்தெட்டு. புருஷன் பிச்சையாவுக்கு ஒரகடத்தில் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் வேலை. அவளுக்குக் கார்களுக்கு ரப்பர் பாகம் செய்கிற கம்பெனியில் எட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் அறையில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாய் விரித்து, பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, கடைசியில் ஒருவர் எழுந்து பத்து நிமிஷம் பேசுவார்கள். செல்லக்கனியின் முறை வந்தால் பேச்சு மன்னிப்பைப் பற்றித்தான் இருக்கும். அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அடுத்த அறை இசக்கிதுரைக்கு ஜெபத்தில் அக்கறை கிடையாது. அவன் வருவது கூட்டம் முடிந்ததும் கிடைக்கிற சுக்குக் காப்பிக்காக. ஒருமுறை அவனுடைய போனை அறையில் கூட இருந்த பேச்சிராஜ் எடுத்துப்போய் விற்றுவிட்டான். இசக்கிதுரை கொதித்துப்போய்ப் போலீசுக்குப் போகிறேன் என்று நின்றான். செல்லக்கனி நடுவில் புகுந்தாள்.

"ஏல, கசப்ப உள்ள வச்சிருந்தா அது ஒன்னத்தாம்ல அரிக்கும். இன்னைக்கே மன்னிச்சிரு. கையக் குடு."

"ரெண்டு நாள் போவட்டும்க்கா."

"எதுக்கு ரெண்டு நாளு? மன்னிக்கணும்னு ஆச்சு, அதுல என்ன தவணை?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கொடுத்தான். செல்லக்கனி பல்லைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தாள். அந்த வாரக் கூட்டத்தில் அதையே ஆண்டவர் நடத்தியதற்குச் சாட்சியாகச் சொன்னாள். மனசு தங்கமான பெண்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதுவரை மன்னித்தும் மன்னிக்கவைத்தும் பழகியிருந்தாளே ஒழிய, மன்னிப்புக் கேட்டுப் பழகியதில்லை. கேட்க வேண்டிய நிலை வந்தபோது அவள் நடந்துகொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்க் கதவின் ஓரத்தில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க ஒரு ரப்பர் பட்டை ஓடுமல்லவா, அதைச் செய்கிற கம்பெனி அது. கடைசிப் பரிசோதனை மேஜையில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பட்டையைக் கையால் உருவி, மூலைகளை வளைத்துப் பார்த்து, வெட்டோ குழியோ இல்லையென்றால் உள்பக்கம் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். பெயர் எழுத நேரம் ஏது? புள்ளிதான் கையெழுத்து. செல்லக்கனிக்குப் பச்சை. பக்கத்தில் உட்கார்ந்த அம்சவல்லிக்கு மஞ்சள்.

அம்சவல்லி வாலாஜாபாத் பக்கத்துப் பெண். செல்லக்கனியைவிட ஐந்து வயது இளையவள். புருஷன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவான். சௌந்தர்யா என்று பத்து வயதில் ஒரு மகள். காலையில் மாரியம்மன் கோயில் குங்குமத்தோடு வந்து உட்கார்ந்தால் கை நிற்காது, வாயும் நிற்காது. செல்லக்கனிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்சவல்லி தலைவலி தாங்காமல் முதலுதவி அறைக்குப் போய்ப் படுத்திருந்தாள். ஷிப்ட் முடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது செல்லக்கனியின் பச்சை மார்க்கர் காய்ந்துவிட்டது. புதிசு வேண்டுமானால் பழையதைக் கொண்டுபோய், சூப்பர்வைசர் ரகுவிடம் கையெழுத்து வாங்கி, ஸ்டோரில் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். அம்சவல்லியின் இடத்தில் மஞ்சள் மார்க்கர் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டாள். மற்றவர்களும் அவசரத்துக்கு அப்படிச் செய்வதுண்டு. நாற்பது பட்டைகளுக்கு மஞ்சள் புள்ளி வைத்துப் பெட்டியில் அடுக்கி, மேலே பெட்டி எண்ணை எழுதினாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசு அன்று சாயங்காலம் பேச வேண்டிய பத்து நிமிஷப் பேச்சில் இருந்தது. என்ன தலைப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் கடைசியில் அந்தப் பெட்டி திரும்பி வந்தது. பதினோரு பட்டைகளின் மூலையில் நகம் நுழைகிற அளவுக்கு வெட்டு. கார் கம்பெனிக்காரர்கள் காச்மூச்சென்று கத்தியிருக்கிறார்கள். ரகு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"மஞ்சள் யாரு?"

"நான்தான் சார்," என்றாள் அம்சவல்லி. தேதியைப் பார்த்தாள். "அன்னிக்கு எனக்கு செம தலைவலி சார். கண்ணு கட்டிக்கினு இருந்துச்சு. தெரியாம வுட்டுட்டேன் போல கீது."

செல்லக்கனி பெட்டியின் மேலே எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு. அப்படி ஏழு போடுகிறவள் அந்த மேஜையில் அவள் ஒருத்திதான். வாயைத் திறந்தாள். ரகு அதற்குள் அம்சவல்லியைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டான். அவர்கள் திரும்பி வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அம்சவல்லி திரும்பி வந்தது தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போகத்தான். நாளையிலிருந்து வர வேண்டாமாம். கான்ட்ராக்ட் ஆளுக்கு விசாரணை ஏது?

"போய்ட்டு வரேன்க்கா. தப்பு என் மேலதான், இன்னா பண்றது," என்று அவள் சொன்னபோதும் செல்லக்கனி மூச்சு விடவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருஷம் கான்ட்ராக்டில் இருக்கும் நான்கு பெண்களைக் கம்பெனியின் சொந்த ஆளாக எடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. பட்டியலில் முதல் பெயர் செல்லக்கனி என்று ரகுவே சொல்லியிருந்தான். எட்டு வருஷம் அதற்காகத்தான் கால் கடுக்க பஸ் ஏறி இறங்கியிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து பிச்சையாவிடம் மட்டும் சொன்னாள்.

அவன் சட்டையைக் கழற்றி மாட்டினான். "நடந்தது நடந்துட்டு. நீ இப்ப சொன்னா ரெண்டு பேருக்கும் வேல போவும். லிஸ்ட் வரட்டும், பெறவு நைசா எடுத்துச் சொல்லுவோம்," என்றான்.

அந்தப் பேச்சு அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதுதான் பின்னால் அவளைப் போட்டு வதைத்தது. தானே நினைத்ததைப் புருஷன் வாயால் கேட்டதும் பழியில் பாதியை அவன் தலையில் இறக்கி வைத்த மாதிரி அன்று நன்றாகத் தூங்கியிருந்தாள்.

மறுநாளிலிருந்து தூக்கம் போயிற்று. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தாள். சனிக்கிழமைதோறும் ஷேர் ஆட்டோ பிடித்து அம்சவல்லி வீட்டுக்குப் போனாள். ஊரிலிருந்து வந்த கருவாடு, கருப்பட்டி, சௌந்தர்யாவுக்குப் பள்ளிக்கூட நோட்டு, ஒருமுறை பாவாடைத் துணி என்று கை நிறையக் கொண்டுபோனாள். அன்பு என்று பார்த்தால் குறை சொல்ல முடியாத அன்பு. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அம்சவல்லியோ அக்கம்பக்கத்தாரிடம், "பத்து பேரு கூட வேல செஞ்சாங்க, ஒருத்தி எட்டிப் பாக்கல. இந்த அக்காதான் வாரா வாரம் வருது. கூடப்பொறந்ததுகூட இப்படிச் செய்யாது," என்று அவளை வைத்துக்கொண்டே சொல்வாள். செல்லக்கனி தலையைக் குனிந்துகொள்வாள். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

படப்பைப் பக்கம் அவர்கள் போகிற சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. யாரோடாவது குறை இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் அந்த அப்பத்தையும் ரசத்தையும் வாங்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்து அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிறருக்கு அவளும் நூறு முறை சொல்லியிருக்கிறாள். ஏப்ரலில் வயிற்றுவலி என்று பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மே மாதம் ஊருக்குப் போயிருந்தாள். ஜூனில் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து வெளியே செருப்பு கிடக்கும் இடத்தில் போய் நின்றாள். பிச்சையா முன்னால் போய் வாங்கிக்கொண்டு வந்தான்.

இதற்குள் அம்சவல்லிக்கு வேறு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. தன் கண் கெட்டுப்போய்விட்டது என்று நம்ப ஆரம்பித்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் அவள் நினைப்பில் தப்பில்லை. பதினோரு பட்டையில் அவ்வளவு பெரிய வெட்டு, அவள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கண்ணில்தானே கோளாறு? ஆஸ்பத்திரிக்குப் போனாள். சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அவள் நம்பவில்லை. வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கேயும் ஒன்றுமில்லை. "மெஷினுக்குத் தெரியாத வியாதி கீதுக்கா. அன்னிக்கு எப்படி நான் பாக்காம வுட்டேன்? அவ்ளோ பெருசு," என்று செல்லக்கனியிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கம்பெனியில் பரிசோதனை வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தாள்.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சௌந்தர்யாவையும் கூட்டிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்துவிட்டாள். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. பாட்டு முடிந்ததும் முழங்கால் போட்டு நகர்ந்து செல்லக்கனிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு உங்க சாமி பத்தி ஒன்னும் தெரியாதுக்கா. ஆனா நீ கேட்டா குடுப்பாரு. என் கண்ணுக்காக வேண்டிக்கோ."

அறையில் பன்னிரண்டு பேர். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இசக்கிதுரைகூட மூடினான். செல்லக்கனி தன் கையை அம்சவல்லியின் கண்கள் மேல் வைத்தாள். இமைகள் உள்ளங்கைக்குக் கீழே துடித்தன. அந்தக் கண்களில் ஒரு தூசு குறையும் இல்லை என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவள் அவள். பாவி, அப்போதாவது கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வாய் தானாக ஜெபித்தது. இந்த மகளுடைய கண்களைத் தொடும் ஆண்டவரே, பார்வையைத் திரும்பத் தாரும் ஆண்டவரே என்று பல வருஷப் பழக்கத்தில் வார்த்தைகள் சரளமாக வந்தன, குரல்கூடத் தழுதழுத்தது. எல்லாரும் ஆமென் என்றார்கள். அம்சவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் காலைத் தொடப்போனாள். செல்லக்கனி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, காப்பி போடுகிற சாக்கில் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இவ்வளவு நாள் ஒரு மனுஷியிடம்தான் பொய்யாக நடந்தோம், இன்று கடவுளையும் இதில் இழுத்துவிட்டோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதற்கடுத்த புதன்கிழமை அம்சவல்லி போன் செய்தாள். "அக்கா, ரெண்டு நாளா நல்லா தெரியுற மாதிரி கீதுக்கா. உன் கை ராசி. இனிமே வாரா வாரம் வரேன்."

அதற்கு மறுநாள் பட்டியல் வந்தது. நான்கு பெயரில் முதல் பெயர் செல்லக்கனி. கேன்டீனில் எல்லாரும் கை கொடுத்தார்கள். சாயங்காலம் பிச்சையா அல்வா வாங்கி வந்தான். பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனும் சாப்பிடவில்லை.

"நாளைக்குச் சொல்லப்போறேங்க," என்றாள்.

"கையெழுத்து போட்டுட்டுச் சொல்லேன். ஒரு வாரந்தான."

"போட்டுட்டன்னா சொல்ல மாட்டேன். எனக்கு என்னையத் தெரியும்."

பிச்சையா அதற்குமேல் வாதாடவில்லை. ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாம் என்று முணுமுணுத்தான். யார் வேண்டாமென்று தடுத்தது என்று அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன் ரகுவிடம் சொன்னாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இன்னாக்கா நீ. அந்தப் பெட்டி யாருக்கும் ஞாபகமே இல்ல. முடிஞ்சிபோன கேஸ நீயே ஏன் கிண்டற? பேசாம போய் லைன்ல உக்காரு."

"முடியல தம்பி. எழுதிக் குடுக்கேன்."

ஆபீசில் ஒரு அதிகாரி அவள் எழுதிக்கொடுத்ததை இரண்டு தடவை படித்தார். அடுத்தவர் மார்க்கரால் புள்ளி வைத்தது விதிமீறல் என்றார். நான்கு மாதம் மறைத்தது அதைவிடப் பெரிசு என்றார். பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள். பரிசோதனையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை, அதுவே பெரிசு. அம்சவல்லி வந்தால் அவளுடைய பழைய இடத்தைக் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் நேரே வாலாஜாபாத் ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

ஆபீசில் சொன்னது சுலபமான பாதி என்று ஆட்டோவில் உட்கார்ந்தபின்தான் அவளுக்கு உறைத்தது.

அம்சவல்லி கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். சௌந்தர்யா பள்ளிக்கூடச் சட்டையோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது.

"நீயே வந்துட்டியாக்கா? நாங்களே வரலாம்னு கீறோம்."

"அம்சா, கம்பெனியில ஒன்னைய திரும்ப வரச் சொல்லுதாவ. பழைய எடத்துக்கே."

அம்சவல்லி நம்பமுடியாமல் பார்த்தாள். "நெசமாவா? நீ போய்ச் சொன்னியா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். நீதான் சொல்லியிருப்ப." அவள் செல்லக்கனியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. காலம் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள். செல்லக்கனிக்கு ஒரு நிமிஷம் அந்த ஆசை வந்தது. அதற்குள் அம்சவல்லியின் பிடி தளர்ந்தது.

"ஆனா அந்த மேஜை வேணாக்கா. மறுபடியும் தெரியாம வுட்டுட்டன்னா? உன் பேரும் கெட்டுப்போவும். வேற எதுனா கேளேன், பெருக்குற வேலைகூடப் பரவால்ல."

"ஒங் கண்ணுல ஒண்ணுமே இல்ல, பிள்ள." செல்லக்கனி தன் கைகளை உருவிக்கொண்டாள். "அது நீ பாத்த பட்டையே இல்ல. நான் பாத்தது. நீ தலைவலின்னு போய்ப் படுத்திருந்த நேரம், எம் மார்க்கர் காஞ்சிட்டுன்னு ஒன்னோடத எடுத்துப் புள்ளி வச்சேன். பெட்டி வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். லிஸ்ட்ல பேர் போயிருமேன்னு வாயத் தொறக்கல."

அம்சவல்லி சுவரோரமாக உட்கார்ந்தாள். சௌந்தர்யா எழுதுவதை நிறுத்தியிருந்தது.

"என் கண்ணு மேல கை வச்சி வேண்டிக்கினியே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் அழுதியா?"

செல்லக்கனி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தரையில் உட்கார்ந்தாள். "என்னைய மன்னிச்சிருன்னு கேக்கத்தான் வந்தேன். இன்னைக்கே வேண்டாம். என்னைக்கு ஒனக்குத் தோணுதோ அன்னைக்கு. தோணலன்னாலும் சரிதான்."

"எங்கிட்ட கேக்காத." அம்சவல்லி மகளைக் காட்டினாள். குரல் உயரவே இல்லை. "எனக்கு வேல போச்சு, சரி, போனா போவுது, எனக்கு ஆத்திரம் வரும், அடங்கும். நாலு மாசமா இது என் கைய புடிச்சி ரோடு தாண்ட வெக்கிது. அவ்ளோ லாரி வர்ற ரோடு. நின்னு ரெண்டு பக்கமும் பாத்து, 'இப்ப வாம்மா'ன்னு கூட்டிக்கினு போவுது. தூங்கி எழுந்தா மொதல் வேலையா என் மூஞ்சாண்ட ரெண்டு வெரல நீட்டி, 'இது எத்தினிம்மா'ன்னு கேக்குது. ஒருநாள் நான் பாத்திரம் தேடிக்கினு இருந்தேன், கண்ணு தெரியலன்னு நெனச்சி அழுதுச்சு. அதுகிட்ட கேளு. நான் எப்படி அதுக்காக மன்னிக்கிறது?"

செல்லக்கனி சௌந்தர்யாவைப் பார்த்தாள். அவள் வாங்கிக்கொடுத்த நோட்டுதான் பிள்ளையின் மடியில் இருந்தது. மன்னிப்பைப் பற்றி எத்தனையோ வெள்ளிக்கிழமை பேசியவளுக்கு, பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"பாப்பா, அத்தை ஒரு தப்புப் பண்ணிட்டேன். அம்மாவுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. எப்பவுமே இல்ல. எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் சொல்லல."

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தது.

"அப்போ உனக்குக் கண்ணு குருடாவாதாம்மா?"

அந்த வார்த்தை அந்த வீட்டில் அதுவரை யார் வாயிலும் வந்ததில்லை. நான்கு மாதமாகப் பிள்ளை அதைத் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது.

"ஆவாதுடி," என்றாள் அம்சவல்லி.

சௌந்தர்யா எழுந்து போய் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழ ஆரம்பித்தது. அம்சவல்லி அதன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். செல்லக்கனியைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. செல்லக்கனி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அந்த அழுகை முழுவதையும் கேட்டாள்.